நெட்வொர்க்குக்கு நிரல் எழுத எந்தக் கதவைத் தட்டுவது?

கேள்வி இதுதான்: "5ஜி, 6ஜி என்று பேச்சு வந்தாலே 'புரோகிராம் செய்யக்கூடிய நெட்வொர்க்' என்கிறார்கள். எஸ்டிஎன், என்எஃப்வி, ஸ்லைசிங், ஓ-ரான், ஓபன் ஏபிஐ எல்லாம் ஒரே விஷயத்துக்கு வெவ்வேறு பெயரா? வெளியில் இருக்கும் ஓர் ஆப் டெவலப்பர் நிஜமாகவே மொபைல் நெட்வொர்க்குக்கு நிரல் எழுத முடியுமா, இல்லை இதெல்லாம் விற்பனைக்காரர்களின் ஸ்லைடில் மட்டும் இருப்பதா?"

ஸ்லைடில் இருப்பதில் பாதி இப்போதே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதன் சாவி ஆபரேட்டர் கையில் இருக்கிறது, அல்லது அவருக்குக் கருவி விற்ற நிறுவனத்தின் கையில். உங்களுக்கு என்று திறந்திருப்பது ஒரு சின்ன ஜன்னல். இந்தத் துறையில் புதிதாக ஒரு பெயரைக் கேட்டால் நான் இரண்டு கேள்விதான் கேட்பேன். இங்கே ஒரு மாற்றம் செய்தால் எவ்வளவு நேரத்தில் நடைமுறைக்கு வரும், மில்லிவினாடியா, வினாடியா, நாள் கணக்கா? மாற்றச் சொல்லும் உரிமை யாருக்கு? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் எஸ்டிஎன்னும் ஓ-ரானும் ஏன் ஒன்றல்ல என்பது தானாக விளங்கிவிடும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை, ஏனென்றால் இந்த ஆசை 5ஜியோடு பிறந்ததில்லை. தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகள் மட்டும் இருந்த காலத்தில் ஒரு புதுச் சேவை கொண்டுவர வேண்டுமென்றால் ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சின் மென்பொருளையும் மாற்ற வேண்டும். அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். 1980களில் இதற்கு 'இன்டெலிஜென்ட் நெட்வொர்க்' என்று ஒரு வழி கண்டார்கள். எக்ஸ்சேஞ்சில் 'இங்கே நின்று கேள்' என்ற ஒரு புள்ளியை மட்டும் வைத்துவிடுவது. குறிப்பிட்ட வகை எண் டயல் செய்யப்பட்டதும் எக்ஸ்சேஞ்ச் அழைப்பை நிறுத்திவைத்து, வேறிடத்தில் இருக்கும் ஒரு கணினியிடம் "இதை என்ன செய்ய?" என்று கேட்கும், வரும் பதிலின்படி நடக்கும். கட்டணமில்லா எண்கள் இப்படித்தான் ஓடின. ஜிஎஸ்எம் வந்தபோது இதே யோசனை 'கேமல்' என்ற பெயரில் உள்ளே நுழைந்தது. பிரீபெய்டு சிம்மோடு வேறு நாட்டுக்குப் போனாலும், பேசப் பேச உங்கள் இருப்பில் காசு குறைந்ததே, அதற்குப் பின்னால் இருந்தது இந்த 'நின்று கேள்' புள்ளிதான்.

ஆக, முடிவெடுக்கும் இடத்தையும் வேலை செய்யும் இடத்தையும் பிரிப்பது என்ற யோசனைக்கு வயது நாற்பதுக்கு மேல். 1998இல் பார்லே என்றொரு கூட்டமைப்பு உருவாகி, இந்த வசதிகளை வெளி டெவலப்பர்களுக்கும் ஏபிஐயாக, அதாவது நிரல் நேரடியாகக் கேட்டுப் பதில் வாங்கும் வழியாக, தருவோம் என்றது. பிறகு மொபைல் ஆபரேட்டர்களின் உலகக் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ 'ஒன்ஏபிஐ' என்று மறுபடி முயன்றது. இரண்டும் பெரிதாக எடுபடவில்லை. ஒவ்வோர் ஆபரேட்டரிடமும் தனித்தனியாக ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. டெவலப்பருக்கு அந்தப் பொறுமை இல்லை. அதற்குள் ஸ்மார்ட்போன் வந்தது. ஆப்காரர்கள் நெட்வொர்க்கிடம் எதையும் கேட்காமல் வெறும் இணைய இணைப்பை மட்டும் வாங்கிக்கொண்டு, மெசேஜையும் அழைப்பையும் தாங்களே செய்துகொண்டார்கள். இந்தத் தோல்வியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

இப்போது முதல் கதவு: பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் டேட்டாவின் சிறு பொட்டலம்) போகும் பாதை. 2008இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த நிக் மெக்கியோனும் கூட்டாளிகளும் ஓபன்ஃப்ளோ பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். அவர்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் சுவிட்சுகளில் (பாக்கெட்டைச் சரியான வழியில் அனுப்பும் கருவிகள்) ஆராய்ச்சியாளர்கள் தங்கள் யோசனையைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி வேண்டும். சுவிட்ச் தயாரித்தவரோ உள்ளே கைவைக்க விடமாட்டார். எல்லா சுவிட்சிலும் எப்படியும் ஓர் அட்டவணை இருக்கிறது, 'இப்படிப்பட்ட பாக்கெட் வந்தால் இதைச் செய்' என்று. அந்த அட்டவணையை வெளியிலிருந்து எழுத மட்டும் விடுங்கள் என்றார்கள். அதிலிருந்துதான் எஸ்டிஎன், அதாவது மென்பொருளால் வழிநடத்தும் நெட்வொர்க், என்ற பெரிய அலை கிளம்பியது. தன் டேட்டா சென்டர்களை இணைக்கும் 'பி4' என்ற நெடுந்தூர நெட்வொர்க்கில் இதைப் பயன்படுத்தி, பல இணைப்புகளை ஏறக்குறைய முழுக் கொள்ளளவில் ஓட்ட முடிந்தது என்று கூகுள் 2013இல் கட்டுரை வெளியிட்டது. வழக்கமாக இப்படிப்பட்ட இணைப்புகளில் பெரும்பகுதியைக் காலியாக விட்டுவைப்பார்கள், ஏதாவது அறுந்தால் தாங்கட்டும் என்று. அந்தக் காசு மிச்சமானதுதான் எஸ்டிஎன்னுக்கு மரியாதை வாங்கித் தந்தது.

இடையில் ஒன்று. அட்டவணையை நிரப்புவதோடு நிற்காமல், பாக்கெட்டை எப்படிப் பிரித்துப் படிக்க வேண்டும் என்பதையே நிரலாக எழுதலாம் என்று 2014இல் ஒரு மொழி வந்தது. அதன் பெயரும் பி4தான், கூகுள் நெட்வொர்க்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதற்காகவே டொஃபினோ என்ற சிப் வந்தது; அதைச் செய்த பேர்ஃபுட் நிறுவனத்தை 2019இல் இன்டெல் வாங்கியது; 2023இல் அடுத்த தலைமுறை டொஃபினோ வேலையை இன்டெல் நிறுத்திவிட்டது. தொழில்நுட்பத்தில் குறை என்று நான் நினைக்கவில்லை. சுவிட்சை அந்த ஆழத்துக்குப் போய் மாற்றி எழுத விரும்பும் ஆட்கள் உலகத்தில் மொத்தமே கொஞ்சம் பேர்தான். நிரல் எழுத விடுவது வேறு, எழுத ஆள் கிடைப்பது வேறு.

என்எஃப்வி, அதாவது நெட்வொர்க் பெட்டிகளின் வேலையை மென்பொருளாக்குவது, இதற்குத் தம்பி மாதிரி. 2012 அக்டோபரில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் நடந்த மாநாட்டில் பல ஆபரேட்டர்கள் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள்: ஃபயர்வாலுக்கு ஒரு பெட்டி, நெட்வொர்க்கின் மையப் பகுதியான கோருக்கு ஒரு பெட்டி என்று தனித்தனி வன்பொருள் வாங்கி அலுத்துவிட்டது, எல்லாவற்றையும் மென்பொருளாகக் கொடுங்கள், சாதாரண சர்வரில் ஓட்டிக்கொள்கிறோம். ஐரோப்பியத் தர அமைப்பான எட்சி அதை எடுத்து நடத்தியது. முதல் சில ஆண்டுகள் நடந்தது வேடிக்கை. பெட்டிக்குள் இருந்த மென்பொருளை அப்படியே தூக்கி மெய்நிகர் கணினியில் போட்டு, 'ஆயிற்று, மெய்நிகராக்கிவிட்டோம்' என்றார்கள். பெட்டி போனது, பெட்டியின் குணம் போகவில்லை. ஒரு செட்டிங் மாற்ற அதே பழைய வேலைக் கோரிக்கை டிக்கெட், அதே இரவு 2 மணி வேலை. பிறகு மென்பொருளைச் சிறு துண்டுகளாக ஓட்டி நிர்வகிக்கும் கன்டெய்னர், குபர்நெட்டிஸ் என்று மாறிய பிறகுதான் கொஞ்சம் உருப்பட்டது.

சரி, இவை இரண்டும் பொதுவான நெட்வொர்க் சமாச்சாரம். மொபைலுக்கு வருவோம். என் கண்ணுக்கு உண்மையான திருப்பம் 5ஜி கோரில்தான் நடந்தது. மொபைல் தரங்களை எழுதும் 3ஜிபிபி, தன் விதிநூலின் 14ஆம் வெளியீட்டிலேயே 4ஜி கோரைக் கட்டுப்பாட்டுப் பகுதி, தரவுப் பகுதி என்று பிரித்துவிட்டது. 2018இல் முடிந்த 15ஆம் வெளியீடு அதை இன்னும் நேராகச் செய்தது. பாக்கெட்டைக் கையாளும் வேலை யூபிஎஃப் என்ற ஒரே உறுப்புக்கு. அதற்கு உத்தரவு போடுவது எஸ்எம்எஃப். போன் எங்கே இருக்கிறது, யார் வந்தார் என்று பார்ப்பது ஏஎம்எஃப். விதிமுறை சொல்வது பிசிஎஃப். இந்த உறுப்புகளில் எது எங்கே இருக்கிறது என்று விலாசம் வைத்திருப்பது என்ஆர்எஃப். இந்தக் கட்டுப்பாட்டு உறுப்புகள் ஒன்றோடொன்று, வெப்பில் பயன்படும் எச்டிடிபி/2 வழியாக ஜேசன் என்ற எளிய உரை வடிவில் தகவல் அனுப்பிப் பேசுகின்றன. இடைமுகங்கள் 'ஓபன்ஏபிஐ' என்ற விவரிப்பு வடிவக் கோப்புகளாகவே வெளியிடப்படுகின்றன. டயாமீட்டர், எஸ்எஸ்7 என்று டெலிகாம்காரர்களுக்கு மட்டும் புரிந்த மொழிகளில் இருந்த ஒன்று, வெப் டெவலப்பர் திறந்து பார்த்தால் படிக்கக்கூடிய நிலைக்கு வந்தது. இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம்.

இதைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். உங்கள் போன் சட்டைப் பையில் திரை அணைந்து சும்மா கிடக்கிறது. அப்போது டவரோடு அதற்கு ரேடியோ இணைப்பு கிடையாது. இந்த நேரத்தில் யாரோ மெசேஜ் அனுப்பினால் அந்தப் பாக்கெட் எங்கே போகும்? எஸ்எம்எஃப்புக்கும் யூபிஎஃப்புக்கும் நடுவே பிஎஃப்சிபி என்றொரு நெறிமுறை ஓடுகிறது. அதன் வழியாக யூபிஎஃப்பில் இரண்டு வகை விதி முக்கியமாக எழுதப்படுகிறது. ஒன்று பிடிஆர்: 'இந்த முகவரிக்கு வரும் பாக்கெட்டைக் கண்டுபிடி'. இன்னொன்று எஃப்ஏஆர்: 'கண்டுபிடித்ததை என்ன செய்வது'. அனுப்பு, தூக்கிப்போடு, பிடித்துவை, நகல் எடு என்று அதில் தேர்வுகள். போன் தூங்கப் போனதும் எஸ்எம்எஃப் அந்த எஃப்ஏஆரை 'அனுப்பு' என்பதிலிருந்து 'பிடித்துவை, வந்தால் எனக்குச் சொல்' என்று மாற்றிவிடுகிறது. மெசேஜ் வந்ததும் யூபிஎஃப் அதைப் பிடித்துவைத்து எஸ்எம்எஃப்புக்குத் தகவல் சொல்லும். எஸ்எம்எஃப் ஏஎம்எஃப்பிடம் சொல்லும். ஏஎம்எஃப் டவர்களைக் கூவச் சொல்லும். போன் விழித்ததும், டவர் வரை பாக்கெட் போகும் புதுச் சுரங்கப்பாதையின் முகவரியோடு எஃப்ஏஆர் மறுபடி 'அனுப்பு' ஆகும். பிடித்துவைத்த பாக்கெட் போனுக்குப் போகும். இது நீங்கள் போனைப் பார்க்காத நேரத்திலெல்லாம் நடந்துகொண்டே இருக்கிறது. ஓபன்ஃப்ளோ கேட்ட 'இப்படி வந்தால் இதைச் செய்' அட்டவணையின் உறவுக்காரன்தான் இது. ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு குட்டி நிரல், நெட்வொர்க் முழுக்கப் பார்த்தால் நொடிக்கு எத்தனையோ தடவை மாற்றி எழுதப்படுகிறது. அளவுக்கட்டுப்பாட்டுக்கு கியூஇஆர், கணக்கு வைக்க யூஆர்ஆர் என்று இன்னும் இரண்டு வகை விதியும் உண்டு.

ஆகவே 'நெட்வொர்க் புரோகிராம் செய்யக்கூடியதா' என்று கேட்டால், கோர் உள்ளுக்குள் எப்போதோ அப்படி ஆகிவிட்டது. எழுதுபவர் எஸ்எம்எஃப். நீங்களும் நானும் அல்ல.

ஸ்லைசிங் பற்றி ஊரெல்லாம் பேசுகிறார்கள், அதனால் ஒரு வார்த்தை. ஒரே கட்டமைப்பின் மேல் பல தர்க்கரீதியான நெட்வொர்க்குகளை ஓட்டுவதுதான் ஸ்லைஸ். நடைமுறையில் அது தொடங்குவது ஓர் எண்ணில்: 8 பிட் வகை எண், அதோடு விரும்பினால் 24 பிட் வேறுபாட்டு எண். வகை 1 என்றால் சாதாரண மொபைல் டேட்டா, 2 என்றால் நம்பகமான குறைந்த தாமதம், 3 என்றால் பெருந்திரள் கருவிகள். போன் இந்த எண்களைக் கேட்கும். நெட்வொர்க் எதையெல்லாம் அனுமதிக்கிறதோ அதைத் திருப்பிச் சொல்லும். ஒரு நேரத்தில் 8 வரைதான் கிடைக்கும்.

இதில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. ஓபன்5ஜிஎஸ் கோர், எஸ்ஆர்எஸ்ரான் டவர் மென்பொருள், ஒரு சோதனை சிம் என்று ஆய்வக அமைப்பு ஒன்றைக் கட்டினேன். போன் வருகிறது, அடையாளம் சரிபார்க்கப்படுகிறது, பாதுகாப்புச் சாவிகள் பொருந்துகின்றன, கடைசியில் வெளியே தள்ளப்படுகிறது. காரணக் குறியீடு 62. புத்தகத்தைப் பார்த்தால் 'ஸ்லைஸ் எதுவும் இல்லை' என்று அர்த்தம். எனக்கோ இருப்பதே ஒரு ஸ்லைஸ், வகை 1. ஒரு மாலை முழுக்கப் போனது. சந்தாதாரர் பதிவில் வேறுபாட்டு எண்ணாக 000001 என்று போட்டிருந்தேன். ஏஎம்எஃப்பில் வேறுபாட்டு எண்ணே போடவில்லை. 'எண் இல்லை' என்பதற்கு விதிநூலில் தனியாக ஒரு மதிப்பு உண்டு, எல்லா பிட்டும் 1. ஆக '1, இல்லை' என்பதும் '1, 000001' என்பதும் நெட்வொர்க்கின் கண்ணில் சம்பந்தமே இல்லாத இரண்டு ஸ்லைஸ்கள். ஒரே ஒரு போன், ஒரே டவர், எல்லாம் என் மேஜையின் மேல்; அங்கேயே இப்படி. போன், டவர், கோர், பில்லிங் என்று எல்லா இடத்திலும் ஒரே எண் ஒத்துப்போக வேண்டிய ஒரு நிஜ நெட்வொர்க்கில் ஸ்லைஸ் ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. ஸ்லைஸ் என்பது சில வினாடிகளில் பட்டனைத் தட்டி உருவாக்கும் பொருளாக ஸ்லைடில் இருக்கிறது. இப்போதைக்கு அது திட்டம் போட்டு, சோதித்து, நாள் கணக்கில் கொண்டுவரும் பொருள்.

அடுத்தது ரேடியோ, அதாவது டவருக்கும் போனுக்கும் நடுவே உள்ள பகுதி. இங்கேதான் கால அளவு என்ற கேள்வி கழுத்தைப் பிடிக்கும். 5ஜியில் துணை அலைகளுக்கு நடுவே 30 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி வைத்து ஓடும் டவரில் ஒரு ஸ்லாட் (நேரத் துண்டு) அரை மில்லிவினாடி. ஒவ்வொரு ஸ்லாட்டிலும் யாருக்கு எவ்வளவு அலைவரிசை, எந்தப் பண்பேற்றம் என்று டவரில் பங்குபோடும் நிரலான ஷெட்யூலர் முடிவெடுத்தாக வேண்டும். இதற்குள் வெளியிலிருந்து ஒரு நிரல் வந்து யோசனை சொல்ல நேரமே கிடையாது.

2018 பிப்ரவரியில் ஏடி அண்ட் டி, சைனா மொபைல், டாய்ச் டெலிகாம், என்டிடி டோகோமோ, ஆரஞ்ச் ஆகிய ஐந்து ஆபரேட்டர்கள் தொடங்கிய ஓ-ரான் (திறந்த ரேடியோ நெட்வொர்க்) கூட்டமைப்பு இதைக் கால அளவுகளாக வெட்டிவைத்தது. நல்ல வெட்டு என்றுதான் சொல்வேன். ஒரு வினாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளக்கூடிய முடிவுகளுக்கு ஒரு கட்டுப்பாட்டுக் கணினி. அதில் ஓடும் நிரலுக்கு ஆர்ஆப் என்று பெயர். 10 மில்லிவினாடியிலிருந்து ஒரு வினாடி வரையிலான முடிவுகளுக்கு இன்னொன்று. அதில் ஓடுவது எக்ஸ்ஆப். 10 மில்லிவினாடிக்குக் கீழே இருப்பது டவர் மென்பொருளின் சொந்தப் பகுதி. அங்கேயும் நிரலை நுழைக்கலாம் என்று 'டிஆப்' என்ற பெயரில் ஆராய்ச்சி நடக்கிறது. ஆகவே எக்ஸ்ஆப் ஷெட்யூலருக்குப் பதிலாக உட்காராது. 'இந்த ஸ்லைஸுக்குக் குறைந்தது இவ்வளவு பங்கு கொடு', 'இந்தப் போனைப் பக்கத்து செல்லுக்கு (டவர் பரப்புக்கு) மாற்று' என்று ஷெட்யூலரின் எல்லைகளை நகர்த்தும். ஆர்ஆப் இன்னும் நிதானமான ஆள்: கூட்டம் குறைந்த நடு இரவில் கூடுதல் அலைவரிசை அடுக்குகளை அணைத்து மின்சாரம் மிச்சம் பிடிப்பது அதற்குப் பொருத்தமான வேலை. மொபைல் நெட்வொர்க்கின் மின்செலவில் பெரும்பகுதி ரேடியோவில்தான் போகிறது என்பதால், நிஜமாகக் காசு பார்க்கும் ஆர்ஆப் இந்த வகையாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

சிக்கல் வேறிடத்தில். ஓர் ஆர்ஆப் செல்லை அணைக்கப் பார்க்கிறது. வேறொருவர் எழுதிய எக்ஸ்ஆப், பக்கத்து செல்லில் நெரிசல் என்று பயனர்களை அதே செல்லுக்குத் தள்ளப் பார்க்கிறது. இரண்டும் தன்னளவில் சரி. சேர்ந்தால் போன்கள் பந்து மாதிரி இங்கும் அங்கும் அடிபடும். ஹேண்டோவர், அதாவது போன் ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, எப்போது நடக்க வேண்டும் என்ற ஓர் எல்லை மதிப்பை நெரிசல் சமன் செய்யும் நிரலும் மாற்றும், அழைப்பு அறுபடாமல் பார்க்கும் நிரலும் மாற்றும். இரண்டும் எதிரெதிர்த் திசையில். இந்தச் சண்டையைத் தீர்க்க ஓ-ரான் கட்டமைப்பில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் ஒரே பொத்தானைத் தொடும் சண்டை கண்ணுக்குத் தெரியும். வெவ்வேறு பொத்தானைத் தொட்டு ஒரே விளைவைக் கெடுக்கும் சண்டை தெரியாது. போனில் இருப்பது மாதிரி ஒரு ஆப் ஸ்டோர் ரேடியோவுக்கும் வந்துவிடும் என்கிறார்கள். போனில் ஓர் ஆப் கெட்டால் அந்த ஆப்தான் கெடும். ரேடியோவில் எல்லா ஆப்பும் ஒரே அலைவரிசையைத்தான் பங்குபோடுகின்றன. எவ்வளவு நிரல் எழுதினாலும் அது ஒரு மெகாஹெர்ட்ஸ்கூட அதிகமாகாது.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி: வெளி டெவலப்பருக்கு என்ன? உங்களுக்கான கதவு என்இஎஃப். 5ஜி கோரின் வரவேற்பறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளி ஆட்களைச் சரிபார்த்து உள்ளே சேதி சொல்லும் உறுப்பு. அதையும் நேரடியாகக் கையாளச் சொன்னால் டெவலப்பர் ஓடிவிடுவார் என்று, அதன் மேல் எளிமையான ஏபிஐகளை வரையறுக்க திறமூல மென்பொருள் அமைப்பான லினக்ஸ் ஃபவுண்டேஷனில் கமாரா என்ற திட்டம் நடக்கிறது. 2023 பிப்ரவரியில் பார்சிலோனாவில் ஜிஎஸ்எம்ஏ 'ஓபன் கேட்வே' என்று அறிவித்தபோது 21 ஆபரேட்டர் குழுமங்கள் கையெழுத்திட்டன. தொடக்கத்தில் 8 ஏபிஐகள்.

அதில் பெயர்போனது 'கேட்டபோது தரம்' என்ற ஏபிஐ. ஒரு நேரலை வீடியோ ஆப் வைத்திருக்கிறீர்கள்; அடுத்த 20 நிமிடத்துக்கு இந்த ஒரு போனுக்கு நிலையான இணைப்பு வேண்டும். போன் எது, உங்கள் சர்வர் முகவரி எது, எந்தத் தரவகை, எத்தனை வினாடிக்கு என்று ஒரு ஜேசன் அனுப்புகிறீர்கள். உள்ளே நடப்பது: என்இஎஃப் பிசிஎஃப்பிடம் கேட்கும், பிசிஎஃப் ஒத்துக்கொண்டால் எஸ்எம்எஃப்புக்குப் புது விதி போகும், எஸ்எம்எஃப் யூபிஎஃப்பில் பிடிஆரும் கியூஇஆரும் எழுதும், டவருக்கும் போனுக்கும் புதுத் தர ஓட்டம் ஒன்று வருகிறது என்று சொல்லும், டவரில் இடம் இருந்தால் சரி, இல்லையென்றால் மறுப்பு. பிறகு உங்கள் சர்வருக்கு 'கிடைத்தது' அல்லது 'கிடைக்கவில்லை' என்று அறிவிப்பு வரும். முன்பு எஸ்எம்எஃப் தனக்குத்தானே எழுதிக்கொண்டிருந்த அந்த விதியை இப்போது நீங்கள் சுற்றிவளைத்து எழுத வைத்திருக்கிறீர்கள். அழகான விஷயம்.

வழுக்குவது சில்லறை இடங்களில். 'போன் எது' என்பதையே பாருங்கள். ஆபரேட்டர்கள் பலர் ஆயிரக்கணக்கான போன்களை ஒரே பொது ஐபி முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். உங்கள் சர்வருக்குத் தெரிவது அந்தப் பொது முகவரியும் ஒரு போர்ட் எண்ணும்தான். கோருக்குள் போனுக்கு இருப்பது வேறு முகவரி. நடுவில் யாராவது மொழிபெயர்க்க வேண்டும். அடுத்தது சர்வர் முகவரி. உங்கள் வீடியோ ஒரு சிடிஎன் (பல இடங்களில் நகல் வைத்துத் தரும் சர்வர் வலை) வழியாகப் போனால் அது நடுவில் வேறு முகவரிக்கு மாறலாம். விதி பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டு நிற்கும், பாக்கெட் புது முகவரியிலிருந்து சாதாரணப் பாதையில் வரும். ஏபிஐ 'கிடைத்தது' என்கிறது, பயனருக்கு ஒரு மாற்றமும் தெரியாது. இதைத் துழாவிக் கண்டுபிடிக்க டெவலப்பரிடம் கருவி எதுவும் இல்லை. சில நாடுகளில் சட்டக் கேள்வியும் உண்டு: காசு கொடுத்தவரின் போக்குவரத்துக்கு முன்னுரிமை என்றால் அது இணையச் சமவாய்ப்பு (நெட் நியூட்ராலிட்டி) விதிகளோடு எங்கே உரசும் என்பது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'சிறப்புச் சேவைகள்' என்ற விலக்கு இருக்கிறது. எது அதற்குள் வரும் என்பதில்தான் வாதம்.

இந்தத் திறந்த ஏபிஐகளில் எளிதாக எடுபடுவது எது தெரியுமா? சிம் மாற்றம் பற்றியது. 'இந்த எண்ணின் சிம் கடந்த இத்தனை மணி நேரத்தில் மாற்றப்பட்டதா' என்று வங்கி கேட்கும். ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும். ஓடிபி திருட்டைத் தடுக்க வங்கிக்கு இது தங்கம். ஆனால் இதில் நெட்வொர்க்கை யாரும் புரோகிராம் செய்யவில்லை, ஒரு பதிவேட்டைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். 5ஜிகூடத் தேவையில்லை. ஸ்லைஸும் தாமதமும் பேசிப் பேசித் தொடங்கிய பயணம் பதிவேட்டைப் பார்க்கும் ஏபிஐயில் வந்து காசு பார்ப்பது எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, நியாயமாகவும் படுகிறது. வங்கிக்குத் தெளிவான பிரச்சினை, எல்லா ஆபரேட்டரிடமும் ஒரே மாதிரிக் கேள்வி. பார்லேயிடம் இல்லாதது இந்த இரண்டாவது பாதிதான். 2024இல் டெலிகாம் கருவி செய்யும் எரிக்சனும் பன்னிரண்டு ஆபரேட்டர்களும் சேர்ந்து ஏபிஐகளை ஒரே இடத்தில் விற்க, இன்று அடூனா எனப்படும் நிறுவனத்தைத் தொடங்கியதும் இந்தப் பாடத்தைப் படித்துத்தான்.

6ஜியில் என்ன மாறும் என்பதற்கு இப்போது சொல்லக்கூடியது குறைவு. ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ 2023 நவம்பரில் 6ஜிக்கான ஐஎம்டி-2030 சட்டகத்தை ஏற்றுக்கொண்டது. 3ஜிபிபி 20ஆம் வெளியீட்டில் ஆய்வு, 21இல் முதல் விதிநூல் என்று திட்டம். அங்கே அதிகம் அடிபடும் சொல் 'இன்டென்ட்'. எப்படிச் செய்ய வேண்டும் என்று விதி எழுதாதே, என்ன வேண்டும் என்று மட்டும் சொல், நெட்வொர்க் வழியைக் கண்டுபிடிக்கும். அதற்கு நடுவில் ஏஐ. எனக்கு இதில் ஆர்வம் உண்டு, ஆனால் அதைவிடப் பெரிய பயமும் உண்டு. பயத்துக்குக் காரணம் கனடாவில் 2022 ஜூலை 8ஆம் தேதி நடந்தது. ரோஜர்ஸ் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் தன் கோர் நெட்வொர்க்கை ஏழு கட்டமாக மேம்படுத்திக்கொண்டிருந்தது. ஆறாவது கட்டத்தில் ரௌட்டர் அமைப்பிலிருந்து வழித்தட வடிகட்டி ஒன்று நீக்கப்பட்டது. வழித்தடத் தகவல்கள் வெள்ளமாகப் பாய்ந்து கோர் ரௌட்டர்கள் சுருண்டன. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குச் சேவை போனது. பின்னால் வந்த ஆய்வறிக்கையில் இரண்டு விஷயங்கள் என் மனதில் தங்கின. நிர்வாக நெட்வொர்க்கும் அதே கோரின் மேல்தான் ஓடியது, அதனால் ஊழியர்களால் உள்ளே போய் என்ன நடந்தது என்று பார்க்கவே முடியவில்லை. முந்தைய கட்டங்கள் நல்லபடியாக முடிந்ததால், ஆபத்தை மதிப்பிடும் கணக்கீடு இந்த வேலையின் ஆபத்து நிலையைத் தானாகவே 'குறைவு' என்று இறக்கியிருந்தது.

இதை வைத்து இன்டென்ட்டைப் பாருங்கள். ஐந்து தடவை நன்றாக நடந்ததால் ஆறாவது தடவையை லேசாக எடுத்துக்கொண்டது ஒரு சாதாரணக் கணக்கீடு. நாளைக்கு அந்த இடத்தில் தானே கற்றுக்கொள்ளும் ஏஐ மாடல் ஒன்று உட்காரும். என்ன வேண்டும் என்று சொல்லும் மொழியைப் பற்றி நிறையக் கட்டுரைகள் வருகின்றன. மாற்றியதை எப்படித் திருப்பி எடுப்பது, எந்த மாற்றத்தை எந்த நிரல் செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எல்லாம் விழுந்தாலும் உள்ளே போக ஒரு தனி வழி எப்படி வைத்திருப்பது என்பவற்றைப் பற்றி அந்த அளவு வருவதில்லை. நான் ஆபரேட்டராக இருந்தால் இந்த மூன்றையும் முதலில் கேட்டுவிட்டுத்தான் மற்றதைக் காது கொடுத்துக் கேட்பேன்.

நீங்களே தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் பெரிய செலவு ஒன்றும் இல்லை. கோர் மென்பொருளான ஓபன்5ஜிஎஸ் அல்லது ஃப்ரீ5ஜிசி ஒரு சாதாரண லினக்ஸ் கணினியில் ஓடும். யூஇரான்சிம் என்ற மென்பொருள் போனாகவும் டவராகவும் நடிக்கும், ரேடியோ கருவியே வேண்டாம். முதலில் எக்ஸ்ஆப் பக்கம் போகாதீர்கள், சூழலைக் கட்டி முடிப்பதற்குள் ஆர்வம் செத்துவிடும். நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து யூடிபி 8805 போர்ட்டை மட்டும் பாருங்கள். பிஎஃப்சிபி அங்கேதான் பேசுகிறது. நடிக்கும் போனைத் தூங்க வையுங்கள், ஓர் எஃப்ஏஆர் 'பிடித்துவை' என்று மாறுவது தெரியும். வேறொரு ஜன்னலிலிருந்து அதற்கு ஒரு பிங் (சோதனைப் பாக்கெட்) அனுப்புங்கள், மறுபடி 'அனுப்பு' ஆகும். அப்புறம் ஸ்லைஸ் எண்ணில் கைவைப்பீர்கள். அப்போது 62 வந்தால் முதலில் அந்த 24 பிட்டைப் பாருங்கள்.